தேய்மானம்

எங்கள் சேரியில் இடுப்பு வலி ஒரு நோய் கிடையாது. நாற்பது வயது தாண்டின பொம்பளை எவளும் 'எனக்கு இடுப்பு வலி' என்று தனியாகச் சொல்லமாட்டாள். சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். 'யாருக்குத்தான்டி இல்ல, பெருசா சொல்ல வந்துட்டா' என்பார்கள். குனிந்து நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, கட்டு சுமந்து வளர்ந்த உடம்புக்கு வலி என்பது வேலையில் ஒரு பாகம். கூலி கூடப் பாக்கி நிற்கும். வலி மட்டும் அன்றன்றைக்கே வந்து சேர்ந்துவிடும்.

இந்த வலிக்கு நோய் என்று முதன்முதலாகப் பெயர் வைத்தது ஆஸ்பத்திரி அல்ல. ஒரு மோட்டார் விபத்து வழக்கு. அதுவும் வைத்தியம் பார்ப்பதற்காக வைத்த பெயர் இல்லை. நஷ்ட ஈட்டுப் பணத்தில் கழிப்பதற்காக வைத்த பெயர். அந்த வழக்கு என் அம்மாவுடையது. அதை எழுதக் காரணம், அது என் அம்மாவோடு முடிகிற விஷயம் இல்லை என்பதுதான். நம் சனங்களில் யார் ரோட்டில் அடிபட்டாலும் இதே கேள்வி வரும், இதே கழித்தல் நடக்கும். முன்னாடியே தெரிந்திருந்தால் எதிர்த்து நிற்கலாம்.

எங்கள் காலனிக்கும் வயல்வெளிக்கும் நடுவே நான்கு வழிச்சாலை போகிறது. ரோடு வந்தபோது ஊர்த்தெருவுக்கு எதிரே பாலத்துக்கு அடியில் வழி விட்டார்கள். காலனிக்கு எதிரே விடவில்லை. சுற்றிப் போனால் ஒன்றரை மைல். விடியற்காலையில் நடவுக்குப் போகிற பெண்கள் யார் சுற்றுவார்கள்? நடுவில் உள்ள செடிகளைத் தாண்டித்தான் போவார்கள், வருவார்கள். 2014 அக்டோபரில் சம்பா நடவு முடிந்து சாயந்திரம் திரும்பும்போது, ரோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்ட அம்மாவை ஒரு கார் அடித்துத் தள்ளியது. அம்மாவுக்கு அப்போது 52 வயது. கூட வந்த பெண்கள் காரை மறித்து நிறுத்தினார்கள். நம்பரைக் கரிக்கட்டியால் மைல்கல்லில் எழுதி வைத்தது என் சின்னம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும்.

இடது தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. முதுகுத் தண்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் இடது கால் ஒரு அங்குலம் கட்டையாகிவிட்டது. குந்தி உட்கார முடியாது. குனிய முடியாது. குடத்தைத் தூக்க முடியாது. குனியவும் குந்தவும் முடியாத உடம்புக்கு நம் வாழ்க்கையில் என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கக்கூசுக்குப் போவதற்கே ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் இயற்றிய மோட்டார் வாகனச் சட்டப்படி, ரோட்டில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டி யாரையாவது அடித்தால் அதன் சொந்தக்காரருக்குப் பதில் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும். அடிபட்டவர் 166-வது பிரிவின்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தீர்ப்பாயம் 168-வது பிரிவின்படி 'நியாயமான இழப்பீடு' எவ்வளவு என்று முடிவு செய்யும். மனுவுக்கு எம்.சி.ஓ.பி. நம்பர் கொடுப்பார்கள். அதன்பிறகு வாய்தாதான். எங்களுக்கு இரண்டரை வருடம் வாய்தா. நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சம்பளத்தில் பாதி லீவில் போகும், மிச்சம் பஸ்ஸில் போகும்.

அம்மாவைக் கூண்டில் ஏற்றின அன்றைக்கு நான் கூடவே நின்றேன். அவளால் படி ஏற முடியவில்லை. கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார் நீதிபதி. அதுவரைக்கும் அம்மா, சட்டை போட்டவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவள் இல்லை. நுனியில் உட்கார்ந்தாள். கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் கையில் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டின் நகல் இருந்தது. அதில், சேர்த்த அன்றைக்கு ராத்திரி டியூட்டி டாக்டர் கேட்டு எழுதின வரி: ஐந்து வருடமாக இடுப்பு வலி உண்டு. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் இன்னொரு வரி: தண்டுவட எலும்பில் தேய்மானம்.

"ஏம்மா, இந்த ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடியே உனக்கு இடுப்பு வலி இருந்துதா, இல்லியா?"

"இருந்துதுங்கய்யா."

"எத்தினி வருசமா?"

"அது ஆச்சுங்க. வயசுக்கு வந்ததிலேந்து நட்டுக்கினு இருக்கேன். நடவு நடுறவளுக்கு இடுப்பு நோவாம இருக்குமா? நோவோடதான் ஒரு நாள் உடாம வேலைக்குப் போனேன். எனுக்கு முன்னால யாரும் கரையேறினது கெடையாது."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

டைப் அடித்த வாக்குமூலத்தின் நகலைப் பின்னால் வாங்கிப் பார்த்தோம். அதில் இப்படி இருந்தது: 'விபத்துக்கு முன்பிருந்தே எனக்கு இடுப்பு வலி இருந்தது என்றால் சரிதான். பல வருடங்களாக இருந்தது. எனக்கு ஏற்பட்டுள்ள ஊனம் விபத்தினால் ஏற்பட்டதல்ல, ஏற்கெனவே இருந்த நோயினால் ஏற்பட்டது என்றால் சரியல்ல.' அவ்வளவுதான். நோவோடு ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போனேன் என்று சொன்னது அதில் இல்லை. தனக்கு முன்னால் யாரும் கரையேறியதில்லை என்று சொன்னதும் இல்லை. நீதிமன்றத் தமிழில் 'என்றால் சரிதான்', 'என்றால் சரியல்ல' என்று இரண்டே கதவுகள். என் அம்மா சொன்னது இரண்டு கதவிலும் நுழையாது. நான் அதை வீட்டில் படித்துக் காட்டியபோது அவள் சொன்னாள்: "நான் பொய் சொல்லலியே. உள்ளதத்தான சொன்னேன். உள்ளதுல பாதிய உட்டுட்டாங்களே."

மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்று நூற்றுக்கு நாற்பது. கம்பெனி தரப்பில் வாதம் என்னவென்றால், இந்த நாற்பதில் பாதிக்கு மேல் பழசு; எலும்பு முன்பே மெலிந்திருந்தது; கெட்டியான எலும்பாக இருந்திருந்தால் இவ்வளவு முறிந்திருக்காது; இன்றைக்கு இவர் குனிய முடியாமல் இருப்பதற்குத் தேய்மானம்தான் காரணம். இதைச் சொல்ல அவர்கள் ஒரு டாக்டரைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. வக்கீலே சொன்னார். 2017-ல் தீர்ப்பு வந்தது. நாற்பதை இருபதாக்கி, ஒரு சதவீதத்துக்கு 3,000 ரூபாய் வீதம், ஊனத்துக்கு 60,000 ரூபாய். சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கிக் கொடுக்கிற பழக்கம் நம் மாநிலத் தீர்ப்பாயங்களில் உண்டு. மருந்துச் செலவு, வலி வேதனை, துணையாள் கூலி என்று மற்ற கணக்குகளில் கொஞ்சம் சேர்த்தார்கள்.

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லை நான் பிறகு இன்னொரு இடத்தில் பார்த்தேன். கார் இன்சூரன்ஸ் பாலிசியில். கார் மோதி முன்பக்கம் நொறுங்கினால், சொந்தக்காரர் தன் வண்டிக்கு இழப்பீடு கேட்பார். அப்போது சாதாரண பாலிசியில் உதிரி பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம். பைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிப்பது இல்லை. இது சரக்குக்கு உண்டான கணக்கு. பழைய பம்பரை எடுத்துவிட்டுப் புது பம்பர் போடும்போது சொந்தக்காரருக்கு ஒரு லாபம் இருக்கிறது, அதனால் கழிக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. என் அம்மாவுக்கு யார் புது இடுப்பு போட்டார்கள்? பிளாஸ்டிக்குக்குக் கழிக்கிற அதே ஐம்பது சதவீதத்தை அவள் எலும்பில் கழித்தார்கள். அவளை அடித்த காரின் கண்ணாடிக்குக்கூடத் தேய்மானம் இல்லை.

தேய்ந்தது உண்மைதான். அதை மறுத்து எழுத நான் வரவில்லை. எங்கே தேய்ந்தது, யாருக்காகத் தேய்ந்தது என்பதுதான் என் கேள்வி. நாற்று நடுகிறவள் காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கினால் மத்தியானம் வரைக்கும் இடுப்பு வளைந்தபடியே பின்னுக்கு நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். நிமிர்ந்தால் கரையிலிருந்து சத்தம் வரும். என் அம்மா பன்னிரண்டு வயதில் இறங்கினவள். நாற்பது வருடம். அந்த நெல்லைத் தின்றவர்கள் பட்டணத்தில் இருக்கிறார்கள், ஊர்த்தெருவில் இருக்கிறார்கள், நீதிமன்றத்தில் இருக்கிறார்கள். எலும்பு மெலிந்ததற்கும் காரணம் உண்டு. கேழ்வரகுக் கூழும் ரேஷன் அரிசியும் தின்று ஐந்து பிள்ளை பெற்றவள். பாலும் முட்டையும் பிள்ளைகளுக்கே எட்டாத வீடு. முப்பத்தெட்டு வயதில் 'தொந்தரவு வேண்டாம்' என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் மெலியும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, எதை எதை எடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை. ஆக, சாதி அவள் உடம்பிலிருந்து நாற்பது வருடம் எடுத்தது. அப்படி எடுத்ததையே காரணம் காட்டி இன்சூரன்ஸ் மறுபடி எடுக்கிறது.

மேல்முறையீட்டுக்கு எங்களுக்கு ஒரு வக்கீல் கிடைத்தாள். எங்கள் பக்கத்துக் காலனியிலிருந்து சட்டம் படித்த முதல் பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். தீர்ப்பைப் படித்துவிட்டு, "அக்கா, பழைய நோவு இருந்துச்சுன்னு சொன்னதுக்கு அம்மாவ யாரும் கொற சொல்லாதீங்க. அதுதான் நம்ம கேசு" என்றாள். அவள் வாயால்தான் இரண்டு பழைய வெள்ளைக்காரர் வழக்குகளை நான் கேள்விப்பட்டேன்.

ஒன்று 1901-ல் இங்கிலாந்தில் நடந்தது. மதுக்கடையில் நின்றிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண். வெளியிலிருந்து குதிரை வண்டி உள்ளே பாய்ந்துவிட்டது. வண்டி அவள் மேல் படவில்லை. அதிர்ச்சியில் உடம்பு கெட்டு, பிள்ளை குறை மாதத்தில் பிறந்தது. அந்த வழக்கில் நீதிபதி கென்னடி ஒரு கருத்தைச் சொன்னார். அலட்சியமாக ஒருவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டு, 'இவர் மண்டை ஓடு மெல்லியது, இருதயம் பலவீனம், வேறு ஆளாக இருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது அதன் சாரம். முட்டை ஓட்டு மண்டை விதி என்று சட்டப் படிப்பில் சொல்வார்களாம். அடித்தவன், அடிபட்டவரை எந்த நிலையில் கண்டானோ அந்த நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழக்கு என்னை அதைவிட அதிகமாகத் தொட்டது. இரும்புச் சாமானுக்குத் துத்தநாக முலாம் பூசும் ஆலையில் ஒரு தொழிலாளி. 1950-ல் உருகிய உலோகம் தெறித்து அவர் கீழ் உதட்டில் சின்னத் தீக்காயம். காயம் ஆறவில்லை, புற்றுநோயாகி மூன்று வருடத்தில் செத்துப் போனார். முதலாளி தரப்பு சொன்னது: அவர் உதட்டில் ஏற்கெனவே புற்றுநோய்க்கான கூறு இருந்தது. அது உண்மை. எதனால் இருந்தது? இளமையில் பல வருடம் நிலக்கரி எரிவாயு ஆலையில் தாரோடு தாராக வேலை செய்ததால். பழைய வேலை கொடுத்த நோயைப் புது வேலை கொளுத்திவிட்டது. 1962-ன் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிற வழக்கு அது. முதலாளி பொறுப்பு என்றுதான் தீர்ப்பு. ஆனால் தொகையில் கொஞ்சம் குறைத்தார்கள், தீக்காயம் படாமலே பின்னாளில் நோய் வந்திருக்கலாம் என்பதற்காக. இந்தப் பாதியையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய நோயைச் சொல்லி முழுப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. ஆனால் அந்த நோய் எப்படியும் இந்த ஆளை இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கும் என்று சாட்சியம் வைத்து நிரூபித்தால், தொகை குறையலாம். சாட்சியம் வைத்து. வாயால் சொல்லி அல்ல.

நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலும் கையில் எடுக்க வேண்டியவை இருக்கின்றன. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், டாக்டர் சொல்கிற ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்பது வேறு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கை போன டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பு கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடுகிறது. அதே கை போன அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை இருக்கலாம். என்ன வேலை செய்தார், எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். தீர்ப்பாயம் வாய் மூடி வேடிக்கை பார்க்கக் கூடாது, டாக்டரைக் கேள்வி கேட்டு உண்மையை வெளியே கொண்டுவர வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2011-ல் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலி வேலை செய்கிறவரிடம் சம்பளத்துக்கு ரசீது எங்கே என்று கேட்கக் கூடாது என்ற கருத்தைச் சொன்னார்கள். 2014-ல் சையது சாதிக் வழக்கில், 2008-ல் அடிபட்ட காய்கறி வியாபாரிக்கு எந்தக் கணக்குச் சீட்டும் இல்லாமலே மாத வருமானம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள். வயதுக்கு ஏற்ற பெருக்கெண் பட்டியல் 2009-ன் சரளா வர்மா தீர்ப்பில் இருக்கிறது. 51 முதல் 55 வயது வரை 11.

எங்கள் வழக்கில் உதவியது ஒரு மஞ்சள் அட்டை. அப்போதைய நூறு நாள் வேலைத் திட்டத்தின் அட்டை. நடவு இல்லாத நாளில் அம்மா ஏரி வெட்டப் போனாள். அட்டையில் தேதி வாரியாகப் பதிவு இருந்தது. விபத்துக்கு முந்தின மாதம் வரைக்கும் மண் வெட்டிச் சுமந்திருக்கிறாள். விபத்துக்கு அப்புறம் ஒரு நாள்கூடப் பதிவு இல்லை. கீழ்க் கோர்ட்டிலேயே அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்திருந்தும் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் வக்கீல் மேல் கோர்ட்டில் அதைத்தான் முதலில் எடுத்து வைத்தாள். இடுப்பு தேய்ந்த பொம்பளை செப்டம்பரில் மண் சுமந்தாள், நவம்பரில் எழுந்து நிற்க முடியவில்லை. நடுவில் என்ன நடந்தது? கார் நடந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரின் சாட்சியத்தையும் காட்டினாள். எலும்பில் முள் போல வளர்வது தேய்மானம், அதற்கு வருடக்கணக்கு ஆகும். முறிவு என்பது வேறு, எக்ஸ்ரேயில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கம்பெனி தரப்பில் மாற்றுச் சாட்சி இல்லை.

2021-ல் முடிந்தது. பழைய நோய் என்று கழித்தது தப்பு, நாற்பதையும் முழுதாக எடுக்க வேண்டும் என்றார்கள். மாதம் 6,500 ரூபாய், பன்னிரண்டு மாதம், பெருக்கெண் 11, நூற்றுக்கு நாற்பது. 3,43,200 ரூபாய். 60,000 இருந்த இடத்தில். சந்தோஷம்தான். ஆனால் அம்மாவுக்கு நடவு வேலை நாற்பது சதவீதமா போனது? நூறும் போனது. நாற்றைக் குனியாமல் நட முடியுமா? ராஜ்குமார் தீர்ப்பின் நியாயத்தை முழுசாகப் பிடித்திருந்தால் அங்கேதான் போய் நின்றிருக்க வேண்டும். அதற்கு மேல் வழக்காட எங்களிடம் பணமும் இல்லை, அம்மாவிடம் தெம்பும் இல்லை.

இது நம் சனங்களில் எத்தனை விதமாக நடக்கிறது என்று இந்த ஏழு வருட அலைச்சலில் பார்த்துவிட்டேன். கோர்ட்டு வராண்டாவில் எங்களோடு காத்திருந்த ஒரு அம்மாவின் புருஷன் துப்புரவுத் தொழிலாளி. விடியற்காலை இருட்டில் ரோடு கூட்டிக்கொண்டிருந்தவரை வேன் அடித்துவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. கம்பெனி தரப்பில் அவருடைய பழைய ஆஸ்பத்திரி சீட்டைத் தேடி எடுத்திருந்தார்கள். ஈரல் கெட்டிருந்தது, குடிப்பழக்கம் இருந்தது, நெஞ்சுச் சளி இருந்தது, எப்படியும் ரொம்ப நாள் இருந்திருக்கமாட்டார், அதனால் பெருக்கெண்ணைக் குறைக்க வேண்டும் என்பது வாதம். அந்த அம்மா என்னைக் கேட்டாள்: "குடிக்காம அந்தக் குழியில எறங்க முடியுமாம்மா? இவுங்க எறங்குவாங்களா?" சீக்கிரம் சாகிற வேலையைக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் சாகிறவன்தானே என்று விலையைக் குறைக்கிறார்கள். செங்கல் சூளையில் தோள் போனவர், தோல் ஷாப்பில் மூச்சு போனவர், கல் உடைத்து நெஞ்சில் தூசு ஏறினவர், எல்லாரும் ரோட்டில் அடிபடும் அன்றைக்குத்தான் 'ஏற்கெனவே நோயாளி' ஆகிறார்கள். அதற்கு முந்தின நாள் வரைக்கும் முழு வேலை வாங்கினார்கள்.

நோயாளி என்றால் அந்த நோய்க்கு முன்பே ஏன் இழப்பீடு இல்லை? இதைத்தான் நாம் கேட்க வேண்டும். 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. ஈய விஷம், கல் தூசு நுரையீரல் என்று ஆலையிலும் சுரங்கத்திலும் வருகிற நோய்கள். நடவு நட்டு வளைந்த இடுப்பு அதில் இல்லை. விவசாய வேலையில் டிராக்டர் மாதிரி இயந்திரத்தோடு வேலை செய்கிறவர்கள்தான் அந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள். வெறுங்கையோடு சேற்றில் நின்றவள் தொழிலாளியாகக் கணக்கிலேயே இல்லை. அந்தச் சட்டம் இப்போது 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது தொழிலாளர் காப்பீட்டுக்கான வேலைகள் நடந்தன, 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு சீட்டும் டாக்டரும் கிடைத்தது. வயல் வெளியே நின்றது. ஆக, என் அம்மாவின் இடுப்பு தேய்ந்த நாற்பது வருடமும் எந்தச் சட்டப் புத்தகத்துக்கும் அது கண்ணில் படவில்லை. அவளை ஒரு கார் அடித்த பிறகுதான் பட்டது. பட்டவுடனே கழித்தார்கள்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு, முக்கியமாகக் காலனிகளில் வேலை செய்கிற இளைஞர்களுக்கும் சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் சில காரியங்களைச் சொல்கிறேன். அடிபட்டவுடன் எப்.ஐ.ஆர். நகலும் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியும் கைக்கு வர வேண்டும். 2019-ல் திருத்திய சட்டம் 2022 ஏப்ரலிலிருந்து மனுப்போட ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் போட்டுவிடுவதே நல்லது. பழைய வலியை மறைக்கச் சொல்லாதீர்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு தோண்டி எடுக்கும், நம் ஆள் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். மனுவிலேயே முழுசாக எழுதுங்கள்: இந்த வேலையில் இத்தனை வருடம், இந்த வலி இருந்தது, அந்த வலியோடு நேற்றுவரை இந்த வேலையெல்லாம் செய்தார், இன்றைக்கு முடியவில்லை. வேலை அட்டை, சங்கத்து ரசீது, மேட் வைத்திருந்த வருகைப் பதிவு, சூளைக்காரன் கொடுத்த முன்பணச் சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கூட நட்ட பெண்களில் ஒருத்தியைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். வைத்தியம் பார்த்த டாக்டரிடம் எது பழசு, எது புதுசு என்று கேட்கச் சொல்லுங்கள். பழசுதான் காரணம் என்று கம்பெனி சொன்னால், அதைச் சொல்ல டாக்டரைக் கொண்டுவா என்று கேளுங்கள். குறுக்கு விசாரணையில் பாதிப் பதில்தான் பதிவானது என்றால், மறு விசாரணையில் மீதிப் பாதியைக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது உரிமை.

வாக்குமூலத்தில் ஏறாமல் போனதை நான் இங்கே பதிவு செய்கிறேன். என் அம்மாவுக்கு இடுப்பு வலி இருந்தது என்றால் சரிதான். அந்த வலியோடு நாற்பது வருடம் நட்டாள், களை பறித்தாள், அறுத்தாள், சுமந்தாள் என்றாலும் சரிதான். அவளுக்கு முன்னால் யாரும் கரையேறியது இல்லை.